இன்டர்கூலர்: அழுத்திய காற்றின் சூட்டைத் தணித்தல்

டர்போசார்ஜரோ சூப்பர்சார்ஜரோ பொருத்திய எஞ்சினில், அழுத்தப்பட்ட காற்று சிலிண்டருக்குள் போவதற்கு முன் அதன் சூட்டைத் தணிக்கும் கருவி இன்டர்கூலர். பெரும்பாலான வண்டிகளில் பார்வைக்கு இது இன்னொரு ரேடியேட்டர்தான்: அலுமினியக் குழாய்களுக்குள் சூடான காற்று ஓடும், வெளியே மெல்லிய தகடுகளின் இடுக்குகளில் வண்டி ஓட்டத்தின் காற்று வீசும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அடர்த்தியான காற்றில் ஆக்சிஜன் அதிகம், எனவே கூடுதல் எரிபொருளை எரித்துக் கூடுதல் சக்தி எடுக்கலாம் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் சரியானது, ஆனால் முழுமையானது அல்ல. கூடுதல் காற்று மட்டுமே தேவை என்றால் டர்போவின் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும். வண்டியின் முகப்பில் இவ்வளவு இடத்தையும் எடையையும் ஒதுக்க வேண்டியதில்லை. காற்றை அமுக்கும்போது பிறக்கும் வெப்பத்தை எங்கே வெளியேற்றுவது என்ற சிக்கலுக்குத் தீர்வாகவே இன்டர்கூலர் வந்தது. சக்தி, எரிபொருள் சிக்கனம், எஞ்சினின் ஆயுள், புகையின் தரம் எல்லாம் அந்தச் சிக்கலோடு பிணைந்தவை.

அமுக்கினால் காற்று சூடாகும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வது இந்த ஒரே காரணத்தால்தான். டர்போவிலும் சூப்பர்சார்ஜரிலும் காற்றை அமுக்கும் பகுதியான கம்ப்ரசருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கம்ப்ரசரின் திறன் நூறு சதவீதம் இல்லாததால் அதன் விரயமும் வெப்பமாகக் காற்றிலேயே சேர்கிறது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். 27 பாகை செல்சியஸில் உள்ள காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அது சுமார் 120 பாகையில் வெளியே வரும். அழுத்தம் இரட்டித்தும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கும். மீதியை வெப்பம் விழுங்கிவிட்டது. இடையில் 70 சதவீதப் பயனுள்ள ஓர் இன்டர்கூலரை வைத்தால் காற்று சுமார் 55 பாகைக்கு இறங்கும். குழாய்களின் உராய்வில் 0.1 பார் அழுத்தம் போனதாகக் கொண்டாலும் அடர்த்தி ஏறத்தாழ 1.75 மடங்கு. இதே அடர்த்தியை இன்டர்கூலர் இல்லாமலும் எட்டலாம்: கம்ப்ரசரை இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு விரட்டினால் போதும். அப்போது காற்றின் வெப்பநிலை சுமார் 155 பாகை. ஆக, ஒரே அளவு ஆக்சிஜனைச் சிலிண்டருக்குக் கொடுக்க இரண்டு வழிகள். இரண்டுக்கும் வேறுபாடு நூறு பாகை.

பெட்ரோல் எஞ்சினில் இந்த நூறு பாகை அப்படியே நிற்பதில்லை. பிஸ்டன் மேலேறி, பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலவையை மறுபடி அமுக்கும்போது, கெல்வின் அளவில் அதன் வெப்பநிலை இரண்டு மடங்குக்கும் சற்று மேலாக உயர்கிறது. நுழைவாயிலில் நூறு பாகையாக இருந்த வேறுபாடு, தீப்பொறி விழும் தறுவாயில் இருநூறைத் தாண்டியிருக்கும். தீச்சுடர் இன்னும் வந்து சேராத மூலைகளில் தேங்கியிருக்கும் கலவை அந்தச் சூட்டில் தானாகவே வெடித்துப் பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் அந்த உலோகச் சத்தம், பிஸ்டன் தலையையும் ரிங்குகளையும் கேஸ்கெட்டையும் தின்னும் அதிர்ச்சியலைகளின் சத்தம். அதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு: தீப்பொறியைத் தாமதப்படுத்தலாம், அமுக்க விகிதத்தைக் குறைக்கலாம், பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றி அதன் ஆவியாதலால் குளிர்விக்கலாம். முதல் இரண்டிலும் எஞ்சினின் திறன் விழும். மூன்றாவதில் பெட்ரோல் கரியும் புகையுமாக வெளியேறும். ஆகவே டர்போ பெட்ரோல் எஞ்சினின் எல்லையை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஊதப்படும் காற்றின் அளவல்ல, அதன் சூடு.

இதை முதலில் அனுபவித்து உணர்ந்தவர்கள் விமான எஞ்சின் செய்தவர்கள். 1941-இல் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 போர்க்களத்துக்கு வந்தபோது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் அதற்கு ஈடுகொடுக்கத் திணறியது. ரோல்ஸ்-ராய்ஸ் தந்த விடை மெர்லின் 61. ஸ்பிட்ஃபயரில் ஏற்கெனவே இருந்த அதே 27 லிட்டர் எஞ்சினில் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜரைப் பொருத்தி, அமுக்கிய காற்றைத் திரவத்தால் குளிர்வித்து, அந்தத் திரவத்துக்கென்று தனி ரேடியேட்டரையும் வைத்தார்கள். 1942-இல் இதோடு பறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9, உயரப் பறப்பதில் தன் எதிரியை எட்டிப்பிடித்தது. இரண்டு கட்டமாக அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்காமல் அந்த எஞ்சினுக்குள் விட்டிருந்தால், 100 ஆக்டேன் பெட்ரோல்கூட நாக்கிங்கைத் தடுத்திருக்காது. எதிர்த்தரப்பில் டைம்லர்-பென்ஸ் டிபி 605 எஞ்சினில் இன்டர்கூலர் இல்லை. 35.7 லிட்டர் கொள்ளளவு இருந்ததால் மிதமான அழுத்தமே அதற்குப் போதுமானது. 1944-இல் இன்னும் சக்தி தேவைப்பட்டபோது எம்டபிள்யூ 50 என்ற மெத்தனால்-தண்ணீர்க் கலவையை உள்ளே பீய்ச்சினார்கள். ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. கையிருப்புக் கலவை இருக்கும்வரைதான் அந்தக் குளிர்ச்சி. இன்டர்கூலரோ விமானம் பறக்கும்வரை குளிர்விக்கும்.

இதே பாடத்தைக் கார் உலகம் இருபது வருடம் கழித்து மறுபடி படித்தது. 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு வந்த முதல் கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 215 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 10.25. டர்போ எஞ்சினுக்கு அந்த விகிதம் அன்றைக்குத் துணிச்சலானது. இன்டர்கூலர் கிடையாது, அதற்குப் பதிலாகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே செலுத்தினார்கள். தொட்டியை அவ்வப்போது நிரப்புவது உரிமையாளர் வேலை. பலர் நிரப்பவில்லை. இரண்டே வருடத்தில் அந்த மாடல் நின்றுபோனது. போர்ஷே 911 டர்போவின் கதை வேறு திசையில் போகிறது. 1975-இல் அது 3.0 லிட்டர் எஞ்சினோடும், 6.5 என்ற தாழ்ந்த அமுக்க விகிதத்தோடும், இன்டர்கூலர் இல்லாமலும் வந்தது. சக்தி 260 குதிரைத்திறன். 1978-இல் பின்பக்க இறக்கையின் அடியில் இன்டர்கூலர் ஏறியது, கொள்ளளவு 3.3 லிட்டரும், சக்தி 300 குதிரைத்திறனும் ஆயின. சக்தி கூடியதில் பெரும்பங்கு கொள்ளளவுக்கு உரியது என்று ஒருவர் சொன்னால் அது நியாயமே. ஆனால் அமுக்க விகிதம் 7.0-க்கு ஏறியதைக் கவனிக்க வேண்டும். சக்தியைக் கூட்டிக்கொண்டே அமுக்க விகிதத்தையும் கூட்ட முடிந்தது காற்றின் சூடு இறங்கியதால்தான்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். வெப்பம் என்பது ஆற்றல். கம்ப்ரசர் பாடுபட்டுச் சேர்த்த ஆற்றலை வெளிக்காற்றில் கொட்டுவது விரயம் அல்லவா? சூப்பர்சார்ஜரில் இது இன்னும் உறைக்கும், ஏனென்றால் அதைச் சுழற்றும் சக்தி நேரே கிராங்க் ஷாஃப்டிலிருந்து எடுக்கப்படுகிறது. பதில், அந்த வெப்பம் சிலிண்டருக்குள் போனால் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. சூடான காற்றை அமுக்கப் பிஸ்டன் கூடுதலாக உழைக்க வேண்டும். சிலிண்டர் சுவர் வழியே கூடுதல் வெப்பம் ஓடிப்போகும். நாக்கிங்கைத் தவிர்க்கத் தீப்பொறியைத் தாமதித்தால் விரிவடையும் வாயுவின் உழைப்பில் ஒரு பங்கு கையைவிட்டுப் போகும். அந்த வெப்பத்திலிருந்து பயனாகத் திரும்பி வரும் கொஞ்சத்தைவிட இந்த இழப்பு பெரிது. இந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் மில்லர். 1957-இல் காப்புரிமை பெற்ற அவருடைய முறையில், நுழைவு வால்வு மூடும் நேரத்தை மாற்றிச் சிலிண்டருக்குள் நடக்கும் அமுக்கத்தைக் குறைத்து, அந்த வேலையை வெளியே உள்ள கம்ப்ரசரிடம் கொடுக்கிறார்கள். பிஸ்டன் அமுக்கும்போது பிறக்கும் வெப்பத்தை எடுக்க வழியில்லை. வெளியே அமுக்கினால் நடுவில் இன்டர்கூலரை வைத்து எடுத்துவிடலாம். 1990-களில் மாஸ்டா தன் 2.3 லிட்டர் வி6 எஞ்சினில் சூப்பர்சார்ஜரும் இரண்டு இன்டர்கூலர்களும் வைத்து இதைக் காரில் கொண்டுவந்தது. 2016-இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகனின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 130 குதிரைத்திறன் வடிவத்தில் இதே முறையால் 12.5 என்ற அமுக்க விகிதத்தை எட்டியது. டர்போ என்றாலே தாழ்ந்த அமுக்க விகிதம் என்ற பழைய சூத்திரத்துக்கு அதில் இடமில்லை.

அடுத்த ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது: இன்டர்கூலர் காற்றுக்குத் தடை. அதன் குழாய்களைக் கடக்கையில் அழுத்தம் குறையும். நீளமான பாதையை நிரப்ப நேரம் பிடிப்பதால், மிதித்ததும் வர வேண்டிய இழுவை ஒரு கணம் பின்தங்கும். இது உண்மை. அளவுக்கு மீறிய பெரிய இன்டர்கூலரை மாட்டிவிட்டு டர்போ மந்தமாகிவிட்டது என்று புலம்புவோர் தாங்களே தேடிக்கொண்ட தொல்லை அது. பாதையைச் சுருக்க சுபாரு இம்ப்ரெஸா எஞ்சினுக்கு நேர் மேலேயே இன்டர்கூலரை வைத்து, பானெட்டில் துளை விட்டுக் காற்றைப் பிடித்தது. வண்டி நெரிசலில் நின்றால் எஞ்சினின் சூடே அதைச் சுட்டுவிடும் என்பது அந்த ஏற்பாட்டின் குறை. இன்னொரு வழி, காற்றைத் தண்ணீரால் குளிர்விப்பது. எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் காற்றைவிட நான்கு மடங்கு வெப்பம் தாங்கும். எனவே குளிர்விப்பான் சிறிதாகும், சில கார்களில் நுழைவுக் குழாய்த்தொகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரின் வெப்பமும் முகப்பிலுள்ள இன்னொரு ரேடியேட்டர் வழியாகவே வெளியேற வேண்டும். குறுகிய முடுக்கத்தில் தண்ணீர்முறை வெல்லும், மணிக்கணக்கில் ஏற்றத்தில் ஏறும் வண்டிக்கு அந்தச் சாதகம் கரைந்துவிடும். வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் கீழே இறக்க வேண்டுமானால் ஏசியின் உதவி வேண்டும். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டெமன் இழுவைப் பந்தயத்துக்காக அதைத்தான் செய்தது. பந்தயத்துக்கு வெளியே அது ஓர் ஆடம்பரம்.

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய எஞ்சினில், ஆவியாகும் எரிபொருளே உள்ளே குளிர்விக்கிறதே, பிறகு இன்டர்கூலர் எதற்கு என்றும் கேட்கலாம். ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை என்பதற்குச் சந்தையே சாட்சி: நேரடிப் பீய்ச்சல் கொண்ட டர்போ கார்கள் இன்டர்கூலரோடுதான் வருகின்றன. 2016-இன் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், இன்டர்கூலருக்கு மேல் தண்ணீர்ப் பீய்ச்சலையும் சேர்த்து 500 குதிரைத்திறன் எடுத்தது. அதன் தண்ணீர்த் தொட்டியையும் உரிமையாளர்தான் நிரப்ப வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லதா? இல்லை. 1988-இல் 16 ஃபார்முலா 1 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் காரின் ஹோண்டா டர்போ எஞ்சின் இதற்குச் சிறந்த சான்று. அந்த வருடம் ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் எரிபொருள்தான் என்று வரம்பு விதித்திருந்தார்கள். எரிபொருளில் பெரும்பகுதி டொலுவீன். அது எளிதில் ஆவியாகாது. காற்று மிகக் குளிர்ந்தால் எரிபொருள் துளிகளாகவே தங்கி வீணாகும். ஆகவே சிக்கனத்துக்காக ஹோண்டா, இன்டர்கூலரைச் சுற்றிச் செல்லும் மாற்றுப்பாதை வழியே ஒரு பங்கு காற்றை விட்டு, நுழைவு வெப்பநிலையைச் சுமார் 70 பாகையில் வைத்தது. டீசலிலும் அளவுக்கு மீறிய குளிர்ச்சி, எரிபொருள் பற்றிக்கொள்வதைத் தாமதப்படுத்தி எஞ்சினைத் தடதடக்க வைக்கும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இன்டர்கூலருக்குள்ளேயே நீர் திரளும். ஆகவே வடிவமைப்பவர் கேட்க வேண்டியது, இந்த எரிபொருளுக்கும் இந்தச் சுமைக்கும் எந்த வெப்பநிலை ஏற்றது என்பதே.

டீசலில் நாக்கிங் ஒரு வரம்பல்ல. ஆனாலும் இன்று இன்டர்கூலரை அதிகம் நம்பியிருப்பது லாரிகளும் பேருந்துகளும்தான். காரணம் நைட்ரஜன் ஆக்சைடுகள். தீச்சுடரின் உச்ச வெப்பநிலை ஏற ஏற இவை உருவாகும் வேகம் செங்குத்தாக ஏறுகிறது; நுழையும் காற்றைக் குளிர்வித்தால் அந்த உச்சமும் இறங்கும். முன்பு பல லாரி எஞ்சின்களில் அமுக்கிய காற்றைக் குளிர்வித்தது எஞ்சினின் சொந்தக் குளிர்நீர். அந்த நீரே 85, 90 பாகையில் ஓடுவதால் காற்றை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. புகை விதிகள் இறுகியதும் ரேடியேட்டருக்கு முன்னால் வெளிக்காற்றால் குளிரும் இன்டர்கூலர் பொதுவழக்கமானது. இந்திய லாரிகளின் முதுகில் டிசிஐசி என்று எழுதியிருப்பது, டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்த எஞ்சின் என்பதைத்தான் குறிக்கிறது.

வெயில் நாட்டில் இதன் தேவை இன்னும் கூடுதல். மேலே போட்ட கணக்கில் 27-க்குப் பதில் 40 பாகையை வைத்தால் கம்ப்ரசரை விட்டு வரும் காற்று ஏறத்தாழ 138 பாகை. அதே இன்டர்கூலருக்குப் பிறகும் சுமார் 70. தகடுகளில் செம்மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் அதுவும் கிடைக்காது. அதைவிட அடிக்கடி நேர்வது ரப்பர் ஹோஸ் கிழிவதும் கிளிப் தளர்வதும்தான்; காற்று வழியிலேயே கசிந்து, டீசல் மட்டும் முழு அளவில் போய், ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கும். இழுவை குறைந்து கரும்புகை வருகிறது என்றால், டர்போவைக் கழற்றச் சொல்வதற்கு முன் இன்டர்கூலரின் ஹோஸ்களையும் தகடுகளையும் பார்த்துவிடுங்கள்.