அரிசியில் படர்ந்த பூஞ்சை

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எத்தனையோ வீடுகளில் அட்டையைப் பிதுக்கி ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் எடுக்கிறார்கள். 'கொழுப்பு மாத்திரை' என்று பெயர். இந்த ஸ்டாட்டின் வம்சத்தின் பூர்வீகம், ஜப்பானின் கியோட்டோ நகரத்து அரிசிக்கடை ஒன்று.

ரத்தத்துக் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் உடம்பே தயாரிக்கிறது. அதைத் தடுக்கும் சரக்கு ஏதாவது ஒரு பூஞ்சையில் இருக்கும் என்று நம்பினார் விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான அகிரா எண்டோ. 1971இல் டோக்கியோவின் சாங்கியோ நிறுவனத்தில் தேடத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் பூஞ்சைகளைச் சலித்தார். 1973இல், அந்தக் கியோட்டோ கடை அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்ற முதல் ஸ்டாட்டின் கிடைத்தது.

எலிகளிடம் அது பலிக்கவில்லை. அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் முட்டைக்குள் அவ்வளவு கொலஸ்ட்ராலை வைக்கும் கோழியின் உடம்பில் அது நிறைய ஊறத்தானே வேண்டும் என்று எண்டோவுக்குப் பட்டது. சக ஆய்வாளர் ஒருவரிடம் முட்டைக் கோழிகள் இருந்தன. தீவனத்தில் மருந்தைக் கலந்து போட்டார்கள். சில வாரங்களில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. அந்தக் கோழிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1978இல் ஒசாகாவில், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் எகிறும் நோயுள்ள 18 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் அகிரா யமமோட்டோ அதைக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் இறங்கியது, கூடவே தசையும் பலமிழந்தது. அளவைக் குறைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார். மூட்டை தூக்கியதுபோல் தொடை வலிக்கிறது என்று இன்று மாத்திரை சாப்பிடும் சிலர் சொல்வதை மருத்துவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. முதல் நோயாளியே காட்டிக்கொடுத்த சங்கதி அது.

நாய்களுக்குப் புற்றுநோய் வருமோ என்ற சந்தேகத்தில் 1980இல் சாங்கியோ காம்பாக்டினைக் கைவிட்டது. அமெரிக்காவின் மெர்க், வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினுக்கு 1987இல் அனுமதி வாங்கியது. ஆயுள் கூடுமா என்ற கேள்விக்கு 1994இல் பதில் கிடைத்தது: ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அதே வம்சத்துச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைவு.

பிற்காலத்தில் எண்டோவுக்கே 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 155 வந்தது. அவர் மாத்திரையைத் தொடாமல் உடற்பயிற்சியைக் கூட்டினார். அதைப் படித்துவிட்டு, ஒரு தடவை மாரடைப்பு வந்தவர் அட்டையைத் தூக்கிப்போட்டால் ஆபத்து. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் ஆபத்துக் கணக்கு. உங்கள் கணக்கை மருத்துவரிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வலி இருந்தால் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். அவரைக் கேட்காமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.