திரும்பிப் பார்க்க வைத்த வண்டிகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்று செல்லுமாயின், நடைபாதையில் செல்வோர் நின்று திரும்பிப் பார்க்கின்றனர். இளைஞர் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். முதியோர் முகத்தில் புன்னகை அரும்புகின்றது. 1955ஆம் ஆண்டில் அதே சாலையில் அதே கார் சென்றிருந்தால் எவரும் தலைநிமிர்ந்து பார்த்திரார். அந்நாளில் அது எங்கும் காணக்கூடிய எளிய வண்டி. எந்த வண்டி வியப்புக்குரியது, எது வியப்பற்றது என்பதைக் காலமும் வாணிகமும் சட்டமும் மாறி மாறி முடிவுசெய்து வந்துள்ளன. அக்கதை இவ்விரு நாட்டு வரலாற்றின் ஒரு கிளைக்கதையாகும்.

கதையின் தொடக்கத்தில் கார் எதுவாயினும் அதிசயமே. 1896இல் காட்ஸ் சகோதரர் நிறுவனம் ஜெர்மானிய பென்ஸ் வண்டி ஒன்றைச் சிங்கப்பூருக்கு வருவித்தது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ரிக்‌ஷாவும் நிறைந்த தெருக்களில், எவ்விலங்கும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடியது. அத்தகைய பென்ஸ் வண்டியின் உரிமையாளராக அறியப்பட்டவர் சார்ல்ஸ் பர்ட்டன் பக்ளி. சிங்கப்பூரின் பழைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1902இல் நூலாக வெளியிட்டவரும் இவரே. பழங்கதை தொகுத்தவரின் வண்டியே பின்னாளில் பழங்கதையாயிற்று. அவ்வண்டிக்கு வழங்கிய பெயர் 'காப்பி இயந்திரம்'. அது எவ்வாறு இரைந்திருக்கும் என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. அடுத்த பத்தாண்டில் திருமதி டேர் என்னும் ஆங்கில மாது ஓட்டிய ஆடம்ஸ் ஹியூவிட் கார் 'எஸ் 1' என்னும் பதிவெண்ணைத் தாங்கியது. பெண்ணொருத்தி காரோட்டுவது அக்காலத்தில் இரட்டை வியப்பு. மலாய் மக்கள் அவ்வண்டியைப் 'பேய்க்காற்று வண்டி' என்று அழைத்தனராம்.

காருக்கும் மலாயாத் தமிழருக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர் அதன் சக்கரத்தைப் பார்த்தல் வேண்டும். பென்ஸ் வண்டி சிங்கப்பூருக்கு வந்த அதே 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பார் ரப்பர் மரத்தை வாணிக நோக்கில் பயிரிட்டார். அவரை ஊக்கியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. மரம் பட்டுப்போகாவண்ணம் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்த இவர், காப்பித் தோட்டத் துரைமாரிடம் ரப்பர் விதைகளை வற்புறுத்திக் கொடுத்தார். அவர்களோ இவரைப் பித்தர் என்று நகைத்தனர். நகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' வகைக் கார் வெளிவந்தது. 1927க்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின. வண்டி ஒன்றுக்கு டயர் நான்கு. 1910இல் ரப்பர் விலை விண்ணை முட்டியது. டன்லப் போன்ற டயர் நிறுவனங்களே மலாயாவில் தோட்டங்களை வாங்கின. 1920 அளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது.

அம்மரங்களைச் சீவிய கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின்னும் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அம்முறை நீடித்தது. விடியுமுன் எழுந்து பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, இருள் பிரியும்போதே மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் சுமந்து, நிறுக்குமிடம் கொண்டு சேர்த்தனர். அப்பால் கெட்டியாகிக் கப்பலேறி டயராகி, காரோடு மீண்டும் மலாயாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. தோட்டத்துச் செம்மண் பாதையில் தூசி எழுந்தால் துரையின் கார் வருகின்றது என்பது பொருள். லயத்துச் சிறுவர் ஓடிவந்து பார்ப்பர். தம் தாய் காலையில் சுமந்த பாலுக்கும் அந்தக் கரிய சக்கரத்துக்கும் உள்ள உறவை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

நகரங்களிலோ கார் மெல்ல மெல்லப் புதுமை இழந்தது. ஏழு பேர் அமரக்கூடிய 'கொசுப் பேருந்துகள்' சிங்கப்பூரின் மின்சார டிராம்களோடு போட்டியிட்டன. டிராம்கள் 1927இல் மறைந்தன. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனம் கார்களைப் பொருத்தும் ஆலையைத் திறந்தது. நான்கு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவிடம் சரணடைந்தது அவ்வாலையில்தான். போருக்குப்பின் மோரிஸும் ஆஸ்டினும் சாலைகளை நிறைத்தன.

அவை மறைந்தமைக்கு முதுமை மட்டும் காரணமன்று. சிங்கப்பூர் சிறு தீவு. சாலைக்கு நிலம் அரிது. ஆகவே பழைய காரை விட்டுப் புதிய கார் வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டம் 1975இல் வந்தது. 1990 மே மாதம் முதல் பத்தாண்டுக்குச் செல்லும் உரிமைச் சான்று பெற்றே கார் வைத்திருக்க இயலும் என்றாயிற்று. நல்ல நிலையிலுள்ள வண்டிகளும் கழிக்கப்பட்டன. முப்பத்தைந்து ஆண்டு கடந்த கார்களுக்கெனத் தனித் திட்டம் உண்டெனினும், அத்திட்டத்தில் சேர்ந்தவை ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களே சாலைக்கு வரலாம். சிராங்கூன் சாலையில் மோரிஸ் மைனர் வியப்பூட்டுவது இதனாலேயே. அந்த அருமை சட்டம் படைத்த அருமை.

பாலத்துக்கு அப்பால் நிலைமை வேறு. மலேசியாவில் பத்தாண்டுச் சான்று முறை இல்லை. ஆதலின் சிற்றூர்களில் பழைய கார்கள் இன்றும் அன்றாட வேலை செய்கின்றன. அவற்றின் எண் பலகையே ஒரு வரலாற்றுக் குறிப்பு. 'ஏ' பேராக்கையும், 'பி' சிலாங்கூரையும், 'சி' பகாங்கையும் குறிக்கும். கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமான பின்னரே அதற்கு 'டபிள்யூ' வந்தது. அதற்கு முன் தலைநகரில் பதிவான கார்கள் சிலாங்கூரின் 'பி' எழுத்தையே தாங்கின. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், கூட்டரசுப் பிரதேசம் பிறந்த கதையை ஒரு பழைய ஆஸ்டின் காரின் எண் பலகையிலிருந்தே தொடங்கலாம்.

1985 ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. மிட்சுபிஷி வடிவமைப்பைத் தழுவியதேயெனினும் நாட்டின் பெயர் சொல்லும் முதல் கார் என்பதால் மக்கள் அதனைப் பெருமையோடு நோக்கினர். ஆலையிலிருந்து வெளிவந்த முதல் சாகா தேசிய அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. அதன் உடன்பிறப்புகளோ வாடகைக் காராகவும் குடும்பக் காராகவும் எங்கும் பெருகி, எவரும் ஏறிட்டுப் பாராத வண்டிகளாயின. இன்று ஈப்போவிலோ தைப்பிங்கிலோ, பொலிவு குன்றாத பழைய சாகா ஒன்று சாலை விளக்கில் நின்றால், பக்கத்து வண்டியின் கண்ணாடி இறங்குகின்றது, "அண்ணே, எந்த வருசத்துக் காடி?" என்னும் கேள்வி வருகின்றது.