புலமையும் பந்தும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டம், பெயருக்கு மாறாக, பெரிதும் கையால் ஆடப்படுவது. இன்று ஹைஸ்மன் விருது எனப்படும் அதன் தலைசிறந்த பரிசை 1935 இல் முதன்முதலிற் பெற்றவர் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர் ஜே பேர்வாங்கர். நான்கே ஆண்டுகளில், 1939 இல், அப்பல்கலைக்கழகம் அவ்வாட்டத்தையே கைவிட்டது. ஆட்டத்தின் ஆரவாரம் கல்வியை மறைக்கின்றது என்பது அதன் தலைவர் றொபேட் ஹச்சின்ஸ் கொண்ட கருத்து.

பெரும் பல்கலைக்கழகங்கள் பல அவரைப் பின்பற்றவில்லை. நுழைவுச்சீட்டு வருவாயை இழக்க எவர் துணிவர்? ஆட்டத்தை நீக்காது, ஆடுவோனின் படிப்பைப் போற்றும் வழியொன்று பின்னர் தோன்றியது. 1959 இல் தேசிய உதைபந்தாட்ட மன்றம், கல்வியிலும் களத்திலும் சிறந்தோருக்குப் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் ஹைஸ்மன் விருது பெற்ற வெஸ்ற்பொயின்ற் மாணவர் பீற் டோக்கின்ஸ், றோட்ஸ் புலமைப்பரிசிலுடன் ஒக்ஸ்போட் சென்றவர். இருமையும் ஒருவரிடத்துப் பொருந்தும் என்பதற்கு அவரே சான்று. 1990 முதல் இத்தகையோருள் ஒருவருக்குத் தனிவிருதும் உண்டு. 2009 இலிருந்து அது கம்பல் விருது எனப்படுகின்றது. 1996 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் டனி வேர்பல் அதனையும் ஹைஸ்மன் விருதையும் ஒருங்கே பெற்றார். எனினும், ஒரு சிலரின் புலமையைக் கொண்டு களத்தில் நிற்கும் ஏனையோரின் படிப்பை அளத்தல் இயலாது. ஹச்சின்ஸ் எழுப்பிய வினா அவர்களைப் பற்றியதே.

சிக்காகோ 1969 இல் போட்டிகளுக்கு மீண்டது; ஆட்டத்திறனுக்கெனப் புலமைப்பரிசில் அங்கு வழங்கப்படுவதில்லை. பேர்வாங்கரின் பரிசுச் சிலையோ, உறவினர் வீடொன்றிற் கதவு சாத்தாதவாறு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டபின், அப்பல்கலைக்கழகத்தை வந்தடைந்தது.