வினாகிரி, தவறணை, ஒரு கோட்டை

சல்லியில மீன் வாங்கிச் சமைக்கிற எல்லாரும் கொஞ்சம் போர்த்துக்கேயம் கதைக்கிறோம். பாண், கஜு, வினாகிரி, தவறணை, நாலும் அவங்கட மொழியில இருந்து வந்த சொற்கள்.

லிஸ்பன் தவறணைகளில குடிக்கிறவைக்குச் சின்னத் தட்டுகளில சாப்பாடு வரும். பெயர் பெட்டிஷ்கோ. நாங்கள் ‘பைட்ஸ்’ எண்டு சொல்லுறதுதான். மூன்றைக் கட்டாயம் ருசிக்க வேணும். எஷ்கபேஷ்: பொரித்த மீனை வெங்காயம், உள்ளி, வினாகிரியில் ஊறவைப்பது. பக்கல்யாவுப் பொரியல்: உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனை உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரிப்பது. எங்கட கட்லட்டுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். மூன்றாவது, மாவில் தோய்த்துப் பொரித்த போஞ்சி. அதன் பெயரின் பொருள் ‘தோட்டத்துச் சின்ன மீன்கள்’. உள்ளே மீனே இல்லை!

ஆனா இந்த உறவு விருந்தோடு தொடங்கேல்ல. 1622இல் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தார்கள். அந்தக் கற்களை வைத்தே திருகோணமலைக் கோட்டையைக் கட்டினார்கள். அதே நாட்டவரின் கப்பல்கள்தான் அமெரிக்கக் கண்டத்து மிளகாயையும் கஜுவையும் எங்கட பக்கம் கொண்டுவந்தன. அதுக்கு முதல் எங்கட கறிக்கு உறைப்பு மிளகுதான். ‘மிளகு’ம் ‘காய்’உம் சேர்ந்த மிளகாய் என்ற பெயரே அதுக்குச் சாட்சி.

மிளகாய் இல்லாத மீன்குழம்பை எங்களால நினைக்கவே ஏலாது. அதுக்காகக் கோயில் இடிந்ததை மறக்கவும் ஏலாது. கோட்டைச் சுவரில இருக்கிற கல்லும் எங்கட தட்டில இருக்கிற உறைப்பும் ஒரே வரலாறு. ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னா, பாதிதான் சொன்னதாகும்.