மாந்தீவுக்குப் போன தோணி



எங்கள் மூத்தம்மாவுக்குக் கோபம் தலைக்கேறினால் ஒரு சொல் வரும்: "ஒன்ன மாந்தீவுல கொண்டு உடணும்." மாந்தீவு என்பது கடலுக்கு அப்பால் ஏதோ தூரதேசம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். படிக்கப் போன பிறகே தெரிந்தது, அது மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் ஒரு சிறு தீவு. பிரித்தானியர் காலத்தில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலை அங்கே அமைந்தது. தோணியில்தான் போகவேண்டும். போனவர்கள் பலர் திரும்பவில்லை.

ஜனவரியின் கடைசி ஞாயிறு உலக தொழுநோய் தினம். பிரான்ஸைச் சேர்ந்த ரவுல் ஃபொலெரோ என்பவர் 1954இல் தொடக்கிவைத்தது. நம் ஊர்ப் பக்கங்களில் யாரும் அதைப்பற்றி ஒரு வரி போட்டு நான் பார்த்ததில்லை. போன வருடம் நானும் போடவில்லை. இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இந்தக் கதை ஒல்லாந்தரோடு ஆரம்பிக்கிறது. கொழும்புக்கு வடக்கே, களனி ஆற்றுக்கு அப்பால் ஹெந்தலையில் 1708இல் அவர்கள் தொழுநோயாளருக்கென்று ஒரு விடுதி கட்டினார்கள். பிறகு 1873இல் நோர்வேயின் பேர்கன் நகரில் ஹான்சன் என்ற வைத்தியர் இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். சாபம், பரம்பரை, பாவம் என்று சொல்லிவந்த எல்லாவற்றுக்கும் அதோடு முற்றுப்புள்ளி விழுந்திருக்கவேண்டும். நடந்தது வேறு. கிருமி என்றால் பரவும், பரவும் என்றால் அடைத்துவை என்று உலகம் முடிவெடுத்தது. 1897இல் பேர்லினில் கூடிய முதலாவது சர்வதேச தொழுநோய் மாநாடு தனிமைப்படுத்தலைப் பரிந்துரைத்தது. நான்கு வருடம் கழித்து, 1901இல், இலங்கையிலும் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் வந்தது. நோயாளியைப் பிடித்து ஒதுக்கிவைக்கச் சட்டமே அதிகாரம் கொடுத்தது. மூத்தம்மாவின் ஏச்சு அங்கேயிருந்து வந்தது.

"நம்ம மார்க்கத்திலும் ஒதுங்கிக்கொள்ளத்தானே சொல்லியிருக்கு" என்று ஒரு நண்பர் கேட்டார். சிங்கத்தைக் கண்டால் ஓடுவதுபோல் விலகச் சொல்லும் ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம். தொழுநோய் கண்டவரின் கையைப் பிடித்து நபி (ஸல்) அவர்கள் தம் தட்டிலேயே சாப்பிடவைத்ததாக வரும் அறிவிப்பு ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை? இரண்டின் தரத்தையும் விளக்கத்தையும் ஆலிம்கள் பேசட்டும், நான் வரலாற்று வாத்தியார். வரலாற்றில் இருப்பதைச் சொல்கிறேன். உமர் (ரலி) ஷாம் பயணத்தில் ஜாபியா பக்கம் தொழுநோய் கண்ட கிறிஸ்தவர்களைக் கண்டு, ஸதகாவிலிருந்து அவர்களுக்குக் கொடுக்கவும் உணவு கிடைக்கச் செய்யவும் கட்டளையிட்டதாக பலாதுரீ எழுதுகிறார். ஹிஜ்ரி 88இல், அதாவது 707 அளவில், டமஸ்கஸில் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் தொழுநோயாளருக்குக் கொடுப்பனவு நிர்ணயித்து, இனி மக்களிடம் கையேந்த வேண்டாம் என்றார். நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாளையும், பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் கொடுத்தார். இது தபரீயில் இருக்கிறது. (ஹஜ்ஜாஜை ஈராக்குக்கு ஆளுநராக வைத்திருந்த அதே வலீத்தான். மனிதர்களை ஒரே வரியில் எடைபோட முடியாது.) பிச்சை எடுக்கும் நிலைக்கு ஒருவரை விடக்கூடாது, அது பைத்துல்மாலின் பொறுப்பு என்று ஓர் அரசு 1,300 வருடத்துக்கு முன்பே நினைத்திருக்கிறது.

தொண்டு நிறுவனம் என்று இன்று நாம் சொல்லும் வடிவம் இந்த நோய்க்கு வந்தது பஞ்சாபின் அம்பாலா நகரிலிருந்து. வெல்லஸ்லி பெய்லி என்ற அயர்லாந்துக்காரர் அங்கே ஒரு மிஷன் பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். அவரும் நம்மைப்போல் ஒரு வாத்தியார்தான். பக்கத்தில் குடிசைகளில் ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளரைக் கண்டவர், ஊருக்குப் போய் அதைப்பற்றிப் பேசினார். 1874இல் டப்ளினில் தொடங்கிய அந்த வேலையின் முதல் இலக்கு வருடத்துக்கு 30 பவுண் சேர்ப்பது. அவ்வளவுதான்! இன்று பல நாடுகளில் வேலை செய்யும் தொழுநோய் மிஷன் அதிலிருந்து வளர்ந்தது.

நம்மில் எத்தனையோ பேர் வைத்தியத்துக்காக வேலூருக்குப் போய்வந்திருக்கிறோம். அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1940களின் கடைசியில் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு பெரிய உண்மையை வெளிக்கொண்டுவந்தார். தொழுநோயால் விரல் அழுகி விழுவதில்லை. நோய் நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போய்விடுகிறது. சுடுசட்டியைப் பிடித்தாலும் தெரியாது, செருப்புக்குள் ஆணி குத்தினாலும் தெரியாது. காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் விரல் தேய்கிறது. அவர் தசைநாரை இடம்மாற்றி மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார், மெத்தென்ற இறப்பரில் செருப்புச் செய்வித்தார். வலி என்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்று எனக்கு விளங்கியது அவருடைய வேலையைப்பற்றி வாசித்தபோதுதான்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983இல் அது இலங்கைக்கு வந்தது. ஆறு மாதம், கூடிப்போனால் ஒரு வருடம். பூரண சுகம். மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. போதாததற்கு மனிதர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. இனி யாருக்கும் தோணி தேவையில்லை.

ஆனால் மருந்து இருந்தும் ஆட்கள் வரவில்லை. வந்தால் பெயர் வெளியே தெரிந்துவிடும். அப்போதுதான் சுகாதார அமைச்சும் சீபா-கைகி தொழுநோய் நிதியமும் சேர்ந்து 1990இல் ஒரு புதுவிதமான பிரசாரம் தொடங்கின. சவர்க்காரம் விற்பவன் பயன்படுத்தும் அதே விளம்பர உத்திகள், வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி. பயமுறுத்தல் இல்லை. தோலில் உணர்ச்சியற்ற தழும்பு இருக்கிறதா, காட்டுங்கள், இது சுகமாகும் நோய். இவ்வளவே செய்தி. மறைந்திருந்தவர்கள் தாங்களாகவே கிளினிக்குக்கு வந்தார்கள். அந்த வருடம் புதிதாகக் கண்டறியப்பட்டோர் தொகை ஒரேயடியாகக் கூடியது. தொகை கூடியதுதான் வெற்றி. ஒளிந்திருந்தவர் வெளியே வந்தார் என்பதே அதன் அர்த்தம்.

1990. அந்த வருடத்தைக் கிழக்கிலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நம் ஊர்களில், தேமலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும் விளம்பரம் யார் காதில் விழுந்திருக்கும்? பக்கத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய அதே 1995இல், தொழுநோய் ஒழிப்பு இலக்கை இலங்கை எட்டியது. ஒழிப்பு என்றால் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற கணக்கு. நாம் அதை "முடிந்துபோனது" என்று கேட்டுக்கொண்டோம். முடியவில்லை. 2010களிலும் நாட்டில் வருடந்தோறும் ஏறத்தாழ 2,000 புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர், அதில் பத்தில் ஒருவர் அளவில் சிறுவர். நம் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

இங்கேதான் எனக்கொரு சங்கடம். சிறுநீரகம், இருதயம், கேன்சர் என்றால் நாம் ஒரு நாளில் இலட்சக்கணக்கில் சேர்த்துவிடுவோம், அல்ஹம்துலில்லாஹ். படம் போடுவோம், வங்கி இலக்கம் போடுவோம், ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரிப்போம். இந்த நோய்க்காரர் படத்துக்கு வரமுடியாது. படம் வந்தால் மகளின் கல்யாணம் நிற்கும். மருந்து இலவசம்தான். பஸ் காசு? கிளினிக் நாளில் இழக்கும் கூலி? காலில் ஆறாத புண்ணோடு கடலுக்குப் போகும் தோணிக்காரருக்கு மெத்தென்ற செருப்பு? முகமும் பெயரும் கேட்காமல் இவற்றைக் கொடுக்க நம் ஸகாத் குழுக்களில் ஒரு வழி உண்டா என்று நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களிடம் கேட்கிறேன். பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து 1994இல் பிரேசிலில் ஐடியா என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள், தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள். நம்மிடம் அவர்கள் பேசுவதற்கு முதலில் நாம் "குஷ்டரோகி" என்ற சொல்லை விடவேண்டும். இந்தியாவில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவையே 2019இல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், முஸ்லிம் விவாகச் சட்டம் உட்பட.

ஊரும் வருடமும் சொல்லமாட்டேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு தழும்பு. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் மட்டும் தெரியவில்லை. ஆறு மாதம் மருந்து, அவ்வளவுதான். இப்போது எந்தக் குறையும் இல்லை. அன்று உம்மா பாடசாலைக்கு வந்தபோது மருந்தைப்பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதிபரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டா: "சேர், இது வகுப்புக்குத் தெரிய வராதுதானே?"

தெரிய வரவில்லை. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் சிலர் இந்தப் பதிவையும் வாசிப்பார்கள். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.