மேகக் கணிமையில் பயனர் தரவுக் கலப்பு

மேகக் கணிமையில் பயனர் தரவுக் கலப்பு என்பது, இணையவழிச் சேவை ஒன்றில் ஒரு பயனருக்கு உரிய தனிப்பட்ட தரவு, மென்பொருள் வழு காரணமாக அதே சேவையின் வேறொரு பயனருக்குக் காட்டப்படுவதை அல்லது வழங்கப்படுவதைக் குறிக்கும். இதில் எவரும் கடவுச்சொல்லைத் திருடுவதோ, அமைப்பை உடைத்து உள்ளே நுழைவதோ இல்லை. எனவே பயனர் தன் கணக்கை எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தாலும் இதனைத் தடுக்க இயலாது. தடுக்கும் பொறுப்பு சேவையை இயக்கும் நிறுவனத்தையே சாரும்.

பின்னணி

மேகக் கணிமையில் பொதுவாக ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி ஒதுக்கப்படுவதில்லை. இலட்சக்கணக்கான பயனர்கள் ஒரே வழங்கிகளையும், தரவுத்தளங்களையும், நினைவகத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். சேவை மலிவாக அமைவதற்கு இப்பகிர்வு முக்கியக் காரணமாகும். ஆனால் இதன் விளைவாக, ஒருவரது தரவை மற்றவரது தரவிலிருந்து பிரித்து வைப்பது பெரும்பாலும் நிரலில் உள்ள ஒரு சோதனை மட்டுமே. தரவைக் கேட்பவர் அதன் உரிமையாளர்தானா என்பதே அச்சோதனை. அது விடுபட்டாலோ, சோதனைக்குப் பின் தரவு செல்லும் வழியில் ஆள் மாறினாலோ கலப்பு ஏற்படுகிறது.

காரணங்களும் அறியப்பட்ட நிகழ்வுகளும்

பதுக்ககப் பிழை

ஒரு பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல், அதன் படியைச் சேமித்து வைத்து வழங்கும் இடைநிலைச் சேமிப்பு, கேஷ் அல்லது பதுக்ககம் எனப்படும். செய்தித்தளத்தின் முகப்பு போன்று அனைவருக்கும் பொதுவான பக்கத்துக்கு இம்முறை பொருந்தும். ஒருவரது கணக்குப் பக்கம் தவறுதலாக இவ்வாறு சேமிக்கப்பட்டால், அதே முகவரியை அடுத்துக் கேட்பவருக்கு முன்னவரின் பக்கம் சென்றுவிடும்.

2015 டிசம்பர் 25 அன்று, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டு அங்காடியில் இது நிகழ்ந்தது. அங்காடியின் மீது சேவைமறுப்புத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, நெரிசலைச் சமாளிக்க மாற்றப்பட்ட பதுக்கக அமைப்பில் பிழை இருந்தது. ஏறத்தாழ 34,000 பயனர்களின் பக்கங்கள் பிறருக்குக் காட்டப்பட்டிருக்கலாம் என நிறுவனம் தெரிவித்தது. அவற்றுள் சிலவற்றில் கட்டண முகவரி, மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருட்களின் பட்டியல், கடனட்டை எண்ணின் கடைசி 2 இலக்கங்கள் ஆகியவை இருந்தன.

2024 பெப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் வீட்டுக் கண்காணிப்புப் படக்கருவிகளிலும் இத்தகைய பிழை ஏற்பட்டது. சேவைத் தடங்கலுக்குப் பின் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் மீண்டும் இணைந்தபோது, பதுக்கக மென்பொருள் கருவி எண்களையும் பயனர் எண்களையும் தவறாக இணைத்தது. ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் கருவிகளின் சிறுபடங்கள் சென்றன. அவர்களுள் 1,504 பேர் அவற்றைச் சொடுக்கினர்.

பகிரப்பட்ட இணைப்பில் பிழை

2023 மார்ச் 20 அன்று, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி சேவையில் சில பயனர்கள் பிறரது உரையாடல்களின் தலைப்புகளைக் கண்டனர். அச்சேவையின் வழங்கிகள், ரெடிஸ் என்னும் தரவுச் சேமிப்புடன் பேசுவதற்குச் சில இணைப்புகளைத் தமக்குள் பகிர்ந்து பயன்படுத்தின. ஒரு வேண்டுகோள் அனுப்பப்பட்டு, விடை வருமுன் கைவிடப்பட்டால், அந்த விடை இணைப்பிலேயே தேங்கியது. அதே இணைப்பை அடுத்துப் பயன்படுத்திய வேண்டுகோளுக்குத் தேங்கிய விடை போய்ச் சேர்ந்தது. இவ்வழு ஒரு திறந்த மூல நூலகத்தில் இருந்தது. ஒன்பது மணி நேர இடைவெளியில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களுள் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல், கட்டண முகவரி, கடனட்டையின் கடைசி 4 இலக்கங்கள் முதலியனவும் வெளிப்பட்டிருக்கலாம் என அறிவிக்கப்பட்டது.

அமர்வு மாறுதல்

பயனர் ஒருமுறை புகுபதிகை செய்தபின் அவரை அடையாளம் காட்டும் குறி, அமர்வுக் குறி எனப்படும். கிட்ஹப் தளத்தில், ஒரே நேரத்தில் நடந்த இரு பணிகளுக்கு இடையிலான முந்துநிலைச் சிக்கலால், அரிதாக ஒருவரது அமர்வுக் குறி வேறொருவரின் உலாவிக்குச் சென்றது. பெற்றவர் தரவைக் காண்பதுடன், உரியவராகவே செயல்படவும் முடியும் என்பதால் இவ்வகை மிகவும் ஆபத்தானது. 2021 மார்ச் 8 அன்று அந்நிறுவனம் முன்னெச்சரிக்கையாக அனைத்துப் பயனர்களையும் விடுபதிகை செய்தது.

நினைவக எல்லை மீறல்

2017 பெப்ரவரியில், கூகுளின் புராஜெக்ட் சீரோ குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஓர்மண்டி, கிளவுட்பிளேர் நிறுவனத்தின் வழங்கிகள் தம் நினைவகத்தின் துண்டுகளை இணையப் பக்கங்களுடன் சேர்த்து அனுப்புவதைக் கண்டறிந்தார். நிரல் தனக்குரிய நினைவகப் பகுதியின் முடிவை எட்டியதா என்னும் சோதனை, முடிவைத் தாண்டிய நிலையைக் கவனிக்கத் தவறியதே காரணம். ஒரு தளத்தைப் பார்த்தவருக்கு, தொடர்பே இல்லாத வேறொரு தளத்தின் தரவு சென்றது. தேடுபொறிகளும் இத்துண்டுகளைச் சேமித்திருந்ததால், அவற்றை அங்கிருந்தும் அகற்ற வேண்டியிருந்தது.

ஏற்றுமதியில் கலப்பு

2019 நவம்பர் 21 முதல் 25 வரை, கூகுள் டேக்அவுட் வழியாகத் தம் ஒளிப்படத் தொகுப்பைத் தரவிறக்கிய சிலரின் கோப்புகளில் பிறரது நிகழ்படங்கள் கலந்திருந்தன. பெற்றவரின் கணினிக்குச் சென்றுவிட்ட அப்படிகளை நிறுவனத்தால் நீக்க முடியவில்லை. பழைய தொகுப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தரவிறக்குமாறு பயனர்களைக் கேட்டுக்கொள்ள மட்டுமே முடிந்தது.

தனியுரிமைச் சிக்கல்கள்

இந்நிகழ்வுகளில் நிறுவனங்கள் பாதிப்பைப் பெரும்பாலும் விழுக்காட்டில் கூறின. வைஸ் நிறுவனம், 99.75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கணக்குகள் பாதிக்கப்படவில்லை என்றது. ஆனால் எஞ்சியோருக்கு இழப்பு முழுமையானது. தம் வீட்டின் உட்புறத்தைக் கண்டவர் யார், படி எடுத்தாரா என்பதை அவர்கள் அறிய வழியில்லை. கடவுச்சொல்லையும் கடனட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். ஒருவரது நோயை, கடனை, குடும்பச் சிக்கலை அந்நியர் ஒருவர் அறிந்தபின் அதனை மாற்ற இயலாது. உரையாடலின் தலைப்பு மட்டுமே கூட இவற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

பெறுபவருக்கும் சிக்கல் உண்டு. தம் தொகுப்பில் பிறரது நிகழ்படம் இருப்பதை அவர் அறியாமலேயே இருக்கலாம். பிற்காலத்தில் அது தம்முடையதன்று என நிறுவுவதும் கடினம்.

கண்டறிவதில் உள்ள இடர்

ஒரேயொரு பயனரைக் கொண்டு சோதித்தால் இவ்வழுக்கள் தென்படுவதில்லை. பலர் ஒரே கணத்தில் பயன்படுத்தும்போதோ, மிகுந்த நெரிசலிலோ, தடங்கலுக்குப் பின்னரோதான் பல வழுக்கள் வெளிப்படுகின்றன. மேலும், கணினியின் பார்வையில் பிழை எதுவும் நிகழ்வதில்லை. வேண்டுகோள் வந்தது, விடை சென்றது என்றே பதிவேடு காட்டும். ஆள் மாறியதை முதலில் காண்பவர் பெரும்பாலும் ஒரு பயனரே.

தடுப்பு முறைகள்

* தனிப்பட்ட பக்கங்களைப் பொதுப் பதுக்ககத்தில் சேமிக்காதிருத்தல். சேமிக்க நேர்ந்தால் பயனர் அடையாளத்தையும் சேர்த்தே சேமித்தல்.
* பாதியில் கைவிடப்பட்ட இணைப்பை மீண்டும் பயன்படுத்தாமல் மூடிவிடுதல்.
* விடையை அனுப்புமுன், அது கேட்டவருக்கு உரியதுதானா என இரண்டாம் முறை சோதித்தல். 2023 நிகழ்வுக்குப் பின் ஓப்பன்ஏஐ இத்தகைய சோதனையைச் சேர்த்தது.
* பல பயனர்களை ஒரே நேரத்தில் உருவகித்துச் சோதித்தல்.
* மறையாக்கத் திறவுகோலைப் பயனரின் கருவியில் மட்டும் வைத்திருத்தல். இதனால் தரவு ஆள் மாறிச் சென்றாலும் பெற்றவரால் படிக்க இயலாது. ஆனால் திறவுகோல் தொலைந்தால் உரியவராலும் படிக்க இயலாது.

சட்ட நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தற்செயலாக நிகழும் வெளிப்பாட்டையும் தரவு மீறலாகவே கருதுகிறது. பயனருக்கு இடர் நேர வாய்ப்பிருப்பின், நிறுவனம் அதை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 மார்ச் இறுதியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சாட்ஜிபிடியைத் தற்காலிகமாகத் தடை செய்தபோது, மார்ச் 20 நிகழ்வையும் சுட்டியது. ஏப்ரல் 28 அன்று சேவை அங்கு மீண்டும் தொடங்கியது. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையும் தற்செயலான வெளிப்பாட்டை உள்ளடக்கியது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அறிவிக்கும் கடமையை அச்சட்டம் நிறுவனத்தின் மீது சுமத்துகிறது.