பற்றாக்குறையை உயிரணு எவ்வாறு அறிகிறது? ஆஸ்பரஜின் சொல்லும் வரலாறு

1953ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்னும் ஆய்வாளர், தாம் தேடாத ஒன்றைக் கண்டார். நிணநீர்த் திசுப் புற்று ஒட்டப்பட்ட சுண்டெலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரத்தைச் செலுத்தியபோது கட்டிகள் கரைந்து மறைந்தன. குதிரை, முயல் ஆகியவற்றின் சீரத்துக்கு அவ்வாற்றல் இல்லை.

விடைக்கான திறவுகோல் பழைய ஏடொன்றில் கிடந்தது. கினிப்பன்றியின் குருதியில் ஆஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி மிகுந்திருப்பதை 1922இலேயே கிளெமென்டி என்பவர் பதிவு செய்திருந்தார். கட்டிகளைக் கரைத்தது அந்த ஆஸ்பரஜினேஸ் நொதியே என்பதற்கான சான்றை 1961இல் ஜான் புரூம் வெளியிட்டார். எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியாவின் ஆஸ்பரஜினேஸும் அவ்வாறே புற்றை ஒடுக்கும் என்று 1964இல் தெரியவந்தபின், மருந்தைப் பேரளவில் ஆக்க வழி பிறந்தது. குழந்தைகளைத் தாக்கும் கடும் நிணநீர்வகை இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் அந்நொதி இன்றும் நீங்கா இடம் பெற்றுள்ளது.

மருந்து வந்துவிட்டது, ஆனால் அதன் அடியில் ஒரு வினா எஞ்சி நின்றது. குருதியில் ஆஸ்பரஜின் அற்றுப்போகும்போது இயல்பான உயிரணுக்கள் மட்டும் பிழைப்பது எவ்வாறு? அவை ஆஸ்பரஜின் சிந்தட்டேஸ் என்னும் நொதியால் அதனைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன என்பது ஒரு பாதி விடை. அந்நொதியை எப்போது மிகுதியாக்க வேண்டும் என்று உயிரணுவுக்கு எது உணர்த்துகிறது என்பதே மறுபாதி. மருந்துக்கு ஒருகாலத்தில் பணிந்த புற்றணுக்கள் பின்னர் அதனை எதிர்த்து நிற்பதற்கும் இதே நொதியின் பெருக்கம் ஒரு காரணமாக இருந்ததால், இவ்வினா ஏட்டு வினாவாக மட்டும் இருக்கவில்லை.

அக்காலத்தில் அமினோ அமிலம் என்பது புரதம் கட்டுவதற்கான செங்கல் என்றே பெரிதும் கருதப்பட்டது. 1950களில் ஹாரி ஈகிள், வளர்ப்புக் குடுவையில் பாலூட்டி உயிரணுக்கள் பெருகுவதற்கு 13 அமினோ அமிலங்கள் தேவை என வரையறுத்தார். அப்பட்டியலில் ஆஸ்பரஜின் இல்லை. செங்கல் ஒன்று குறைந்தால் கட்டடம் நிற்கும் என்பது வெளிப்படை. அக்குறைவே ஒரு செய்தியாகி உட்கருவில் உள்ள மரபணுவை எட்டும் என்பது வெளிப்படையன்று.

முதல் தடயம் 1977இல் கிடைத்தது. ஆர்ஃபினும் அவருடைய கூட்டாளிகளும் சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் ஒரு திரிபு வகையை ஆராய்ந்தனர். அமினோ அமிலங்களை ரைபோசோமுக்குச் சுமந்து செல்வது கடத்து ஆர்.என்.ஏ. இத்திரிபணுக்களில் வெப்பநிலையை உயர்த்தினால், ஆஸ்பரஜினைக் கடத்து ஆர்.என்.ஏ.வின் மேல் ஏற்றும் பணி தடைப்படும். அவ்வாறு தடைப்பட்டபோது ஆஸ்பரஜின் சிந்தட்டேஸின் அளவு உயர்ந்தது. உயிரணு களஞ்சியத்தின் இருப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. சரக்கின்றி நிற்கும் வண்டிகளைக் கொண்டே பஞ்சத்தை அறிகிறது என்ற எண்ணத்துக்கு இது இடமளித்தது.

1991இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கிளாடியோ பசிலிகோவின் குழு இந்நொதிக்குரிய மரபணுவை ஆராய்ந்தபோது படம் விரிந்தது. ஆஸ்பரஜின் மட்டுமன்றி, லியூசின், ஐசோலியூசின், குளுட்டமின் ஆகியவற்றுள் எது குறைந்தாலும் அம்மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. பெருகியது. ஆகவே இது தனியொரு பொருளின் கணக்கு அன்று; பொதுப் பஞ்சத்துக்கான ஏற்பாடு.

அவ்வேற்பாட்டின் இயக்கமுறை புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து வரவில்லை, ஈஸ்ட்டிலிருந்து வந்தது. பஞ்ச காலத்தில் அமினோ அமில ஆக்கத்துக்கான பல மரபணுக்களை ஒருங்கே தூண்டும் ஜிசிஎன்4 என்னும் புரதத்தை ஆலன் ஹின்னபுஷ் ஆராய்ந்துவந்தார். ஜிசிஎன்2 என்னும் கைனேஸ் நொதியில், ஹிஸ்டிடினைக் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் நொதியை ஒத்த பகுதி ஒன்று உள்ளது என 1989இல் ரொனால்ட் வெக்கும் அவரும் காட்டினர். வெறுமையான கடத்து ஆர்.என்.ஏ. பற்றும் இடம் அதுவே. விழித்தெழும் ஜிசிஎன்2, புரத ஆக்கத்தின் தொடக்கக் காரணியான இஐஎஃப்2இன் மேல் பாஸ்பேட்டை ஏற்றி அதன் பணியைத் தளர்த்துகிறது என்பது 1992இல் நிறுவப்பட்டது.

பாலூட்டிகளிலும் ஜிசிஎன்2 உள்ளது என்பதை 1999இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மறு ஆண்டில் டேவிட் ரானின் குழு, ஜிசிஎன்4இன் இடத்தில் பாலூட்டிகளில் ஏடிஎஃப்4 செயல்படுவதைக் காட்டியது. இங்கே ஒரு முரண் தோன்றுகிறது: மொத்தப் புரத ஆக்கம் குறையும் வேளையில் ஏடிஎஃப்4 மட்டும் பெருகுவது எப்படி? அதன் தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியில் இரண்டு சிறு வாசிப்புச் சட்டகங்கள் உள்ளன. நிறைவான காலத்தில், முதற்சட்டகத்தைக் கடந்த ரைபோசோம் விரைவில் மீண்டும் ஆயத்தமாகி இரண்டாவதில் தொடங்கிவிடுகிறது. அது ஏடிஎஃப்4இன் தொடக்கத்தைத் தாண்டி முடிவதால் ஏடிஎஃப்4 உருவாவதில்லை. பஞ்ச காலத்தில் ரைபோசோம் ஆயத்தமாகத் தாமதமாகிறது. அத்தாமதத்தில் இரண்டாம் சட்டகத்தைக் கடந்து சென்று ஏடிஎஃப்4இல் தொடங்குகிறது. தளர்ச்சியே இங்கு கட்டளையாகிறது.

2002இல் ஃபுளோரிடாவின் மைக்கேல் கில்பெர்க் குழு, ஆஸ்பரஜின் சிந்தட்டேஸ் மரபணுவின் படியெடுத்தலைத் தூண்டுவது ஏடிஎஃப்4 எனக் காட்டியது. கிட் சீரம் செலுத்திய நாளிலிருந்து 49 ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னர் 2009இல், ஜிசிஎன்2 இல்லாத சுண்டெலிகளுக்கு ஆஸ்பரஜினேஸ் அளிக்கப்பட்டபோது இப்பஞ்சத்துக்கான எதிர்வினைகள் எழாமல் போயின. மருந்தை இயல்பான உடல் தாங்கிக்கொள்வதற்கே இவ்வழி தேவை என்பது அதனால் விளங்கியது.

எனினும் கணக்கு முடிந்துவிடவில்லை. நொதியின் அளவை மட்டும் கொண்டு எந்தப் புற்று மருந்துக்குப் பணியும் என்று உறுதியாகக் கூற இயலவில்லை. ஏடிஎஃப்4 உயிரணுவைக் காக்கும் மரபணுக்களை மட்டுமன்றி, உயிரணுச் சாவோடு தொடர்புடைய சாப் என்னும் மரபணுவையும் தூண்டுகிறது. ஆகவே அதே சமிக்ஞை ஓர் உயிரணுவைக் காப்பதும் மற்றொன்றை மாய்ப்பதும் எந்த எல்லையில் பிரிகின்றன என்பது இன்றைய ஆய்வின் வினா. கினிப்பன்றிச் சீரத்தைக் கண்டு வியந்தவரும் ஈஸ்ட்டின் மரபணுக்களை எண்ணிக்கொண்டிருந்தவரும் ஒரே வினாவின் இரு முனைகளைப் பற்றியிருந்தனர். இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கே அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.